கட்டு மாற்றினால் போதுமா?

பட்டாசு ஆபீசில் வெடி விபத்து என்றால் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. இத்தனை பேர் சாவு. இத்தனை பேர் படுகாயம். மந்திரி வந்தார். கலெக்டர் ஆறுதல் சொன்னார். "காயம் அடைந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்" என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது.

காயமும் அதோடு முடிந்துவிடுகிறதா?

இல்லை. அங்கேதான் அதன் கதை ஆரம்பமாகிறது.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளத்தில் வெடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இந்த இரண்டு தேதிகளையும் கரிசல் சீமை மறக்காது. மாண்டவர்களுக்கு நினைவு நாள் உண்டு. பிழைத்தவர்களுக்கு என்ன உண்டு? தோல் மூடாத இடத்தில் ஒரு கட்டு உண்டு. வாரம் இரண்டு தடவை அதை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

வெடியில் வெந்த புண் மட்டும் அல்ல. சர்க்கரை வியாதிக்காரரின் காலில் வரும் புண் இருக்கிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவரின் கணுக்காலில் வரும் புண் இருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரின் இடுப்பில் வரும் புண் இருக்கிறது. காரணம் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஒரே பெயர்: "ஆறாத புண்". ஒரே வைத்தியம்: "கட்டு".

இது சரியா என்பதுதான் இன்றைய கேள்வி.

இரண்டு சொல் சீட்டு

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் வெம்பக்கோட்டையிலோ திருத்தங்கலிலோ தேடினால் இவரைப் போல ஒருவர் அகப்படாமல் போக மாட்டார்.

ஐம்பது வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் ஒரு புண். சீமைக்கருவேல முள் குத்தியதாக நினைவு. வலி கொஞ்சமும் இல்லை. வலிக்காத புண்ணுக்கு யார் லீவு போடுவார்கள்? அவர் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார். மருந்து அறைக்குள் இரும்பு ஆணி அடித்த செருப்போடு போகக்கூடாது என்பது விதி. பொறி பறந்தால் எல்லாரும் போய்விடுவார்கள். ஆகவே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

வாரத்தில் இரண்டு நாள் கட்டு மாற்றப் போவார்.

"என்ன அண்ணாச்சி, புண் எப்படி இருக்கு?"

"பரவாயில்லை தாயி. அப்படியேதான் இருக்கு."

நர்சு கட்டைப் பிரித்தார். கழுவினார். புதுக் கட்டுப் போட்டார். சீட்டில் எழுதினார்: "கட்டு மாற்றப்பட்டது."

அடுத்த தடவையும் அதே இரண்டு சொல். அதற்கு அடுத்த தடவையும் அதே. ஐந்து வாரம் கழித்துக் கால்விரல் கறுத்தது. மதுரைக்குப் போனார். காலில் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஐந்து வாரத்தில் பத்துத் தடவை கட்டு மாறியது. புண் ஒரு தடவைகூட அளக்கப்படவில்லை!

"அப்படியேதான் இருக்கு" என்று அவர் சொன்னது பொய் அல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் முதல் நாள் மிளகு அளவு இருந்த புண் பத்தாம் நாள் பாக்கு அளவு ஆகிவிட்டது. தினம் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. எழுதி வைத்த எண்தான் அதைக் காட்டிக் கொடுக்கும்.

நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நாள்பட்ட புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கு முன்னால் அது எந்த வகைப் புண் என்று முடிவு செய்ய வேண்டும். அளக்க வேண்டும். தேதி போட்டு எழுத வேண்டும். அந்தக் காகிதம் நோயாளியோடு கூடவே போக வேண்டும். இந்த நாலும் இல்லாத கட்டு, புண்ணை மூடுகிற துணி. வைத்தியம் அல்ல.

ஐந்து வகை, ஐந்து வழி

வெட்டுக் காயம் ஒன்று பட்டால் உடம்பு தானாகவே வேலையைத் தொடங்குகிறது. ரத்தம் உறைகிறது. வீக்கம் வருகிறது. புதுச் சதை வளர்கிறது. தோல் மூடுகிறது. இந்த வரிசையில் எங்கேயோ ஓர் இடத்தில் வண்டி நின்றுவிட்டால் அதுதான் நாள்பட்ட புண். ஒரு மாதம் ஆகியும் ஆறுகிற வழியைக் காணோம் என்றால் சந்தேகப்பட வேண்டும். வண்டி ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் மேலே துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் வண்டி நகருமா?

ஏன் நின்றது என்பதற்கு முக்கியமான காரணங்கள் ஐந்து.

முதலாவது, உணர்ச்சி அற்ற பாதத்தில் வரும் புண். சர்க்கரை வியாதியும் தொழுநோயும் நரம்பைக் கெடுக்கின்றன. கல் குத்தினாலும் தெரியாது, தணல் சுட்டாலும் தெரியாது. புண் பெரும்பாலும் உள்ளங்காலில், எடை அழுத்துகிற இடத்தில் வரும். ஓரத்தில் காய்ப்புக் காய்த்திருக்கும்.

இரண்டாவது, நல்ல ரத்தம் போய்ச் சேராததால் வரும் புண். விரல் நுனியில், குதிகாலில் வரும். கால் சில்லிட்டிருக்கும். நாடி கிடைக்காது. ராத்திரியில் வலி கொல்லும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இதில் அதிகம்.

மூன்றாவது, கெட்ட ரத்தம் மேலே ஏறாமல் தேங்குவதால் வரும் புண். "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று நாம் சொல்வோமே, அது. கணுக்காலின் உள்பக்கத்துக்கு மேலே வரும். சுற்றியுள்ள தோல் கறுத்திருக்கும். நீர் வடிந்துகொண்டே இருக்கும்.

நாலாவது, படுக்கைப் புண். இடுப்பிலும் பிட்டத்திலும் குதிகாலிலும் வரும். முதுகெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தீக்காயத்தில் மாதக்கணக்காகப் படுத்தவர்கள் எல்லாரும் இதற்கு ஆளாகலாம்.

ஐந்தாவது, பழைய தீக்காயத் தழும்பு வெடித்து வரும் புண். பட்டாசுச் சீமை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு விஷம்

வகை பிரித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். ஓர் உதாரணம் போதும்.

கெட்ட ரத்தம் தேங்கிய காலுக்கு முக்கியமான வைத்தியம், பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கமாகக் கட்டுப் போடுவது. அழுத்தத்தில் ரத்தம் மேலே ஏறும். வருஷக்கணக்காக ஆறாத புண்கூட ஆறத் தொடங்கும்.

அதே இறுக்கக் கட்டை நல்ல ரத்தம் வராத காலுக்குப் போட்டால்? சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த ரத்தமும் நின்றுவிடும். கால் அழுகிவிடும்.

இரண்டும் கால் புண்தான். இரண்டிலும் சீழ் வரும். கட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்கு உயிர் கொடுப்பது இன்னொன்றுக்கு எமன். அதனால்தான் இறுக்கக் கட்டுப் போடும் முன்னால் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் கை ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

உணர்ச்சி அற்ற பாதத்துக்கு வேறு வழி. அங்கே என்ன களிம்பு போட்டாலும் எடை இறங்காமல் புண் ஆறாது. நடந்துகொண்டே ஆற்றுவது, கிணற்றில் தண்ணீர் ஊறும்போதே இறைத்துக்கொண்டிருப்பது போல.

வேலூர் கற்றுக் கொடுத்த பாடம்

இதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த ஊர்களில் ஒன்று நம் வேலூர்.

1946-ம் ஆண்டில் டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன, அவர்கள் சதையே கெட்ட சதை, அது ஆறாது என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். டாக்டர்களும் நம்பினார்கள்.

பிராண்ட் நம்பவில்லை. "நவ ஜீவ நிலையம்" என்ற குடியிருப்பில் நோயாளிகளை வைத்து அவர்களுடைய கைகால்களைக் கவனமாகப் பரிசோதித்தார். புதிதாக ஒரு காயம் வந்தால், அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. துரு ஏறிய பூட்டில் சாவியை முரட்டுத்தனமாகத் திருகியதில் ஒருவர் விரல் கிழிந்திருந்தது. சூடான பாத்திரத்தைப் பிடித்ததில் இன்னொருவர் கை வெந்திருந்தது. ராத்திரியில் தூங்கும்போது விரல் குறைவது எப்படி என்று காவல் இருந்து பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது! வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. அப்புறம் என்ன? நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

கெட்டது சதை அல்ல, உணர்ச்சி. இது தெரிந்ததும் வைத்தியமே மாறியது. பாதத்தோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டு, எடையைப் பாதம் முழுவதும் பரவச் செய்தார்கள். புண் ஆறியது. மறுபடி வராமல் இருக்க மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புத் தைத்தார்கள். இன்றைக்கும் "எம்.சி.ஆர். செருப்பு" என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் இந்த வேலைகள் வளர்ந்தன. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போனார். கார்வில் என்ற ஊரில் சர்க்கரை வியாதிக்காரர்களின் காலுக்கும் இதே முறை பரவியது. வேலூரில் ஏழைத் தொழுநோயாளியின் காலில் கற்ற பாடம் அமெரிக்கப் பணக்காரரின் காலையும் காப்பாற்றியது.

அந்தப் பாடம் என்ன? புது மருந்து அல்ல. புண்ணைப் பார், காரணத்தைத் தேடு, எழுதி வை. அவ்வளவுதான்.

படிக்கட்டு போட்டவர்கள்

பிறகு வந்தவர்கள் புண்ணுக்குப் படிக்கட்டு போட்டார்கள்.

மெக்கிட் என்பவர் 1976-லும், அமெரிக்க டாக்டர் வாக்னர் 1981-லும் சர்க்கரைக் கால் புண்ணுக்குப் படிகள் வகுத்து எழுதினார்கள். பூஜ்யம் என்றால் புண் இல்லை, ஆனால் வரக்கூடிய கால். ஒன்று என்றால் மேல் தோலோடு நிற்கிற புண். இரண்டு என்றால் ஆழமாகிவிட்டது. மூன்று என்றால் உள்ளே சீழ் கட்டி எலும்பு வரை கெட்டுவிட்டது. நாலு என்றால் பாதத்தின் முன்பக்கம் அழுகிவிட்டது. ஐந்து என்றால் பாதம் முழுவதும்.

சுலபமான கணக்கு. இன்றைக்கும் பல ஆஸ்பத்திரிகளில் இதுதான் வழக்கு. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மேலோட்டமான சின்னப் புண், ஆனால் ரத்தமே வராத கால். அதற்கு வாக்னர் கணக்கில் படி ஒன்றுதான். உண்மையில் அது ஆழமான புண்ணைவிட ஆபத்தாக இருக்கலாம்.

இந்தக் குறையைத் தீர்க்க 1996-ல் டெக்சாஸ் பல்கலைக் கழக டாக்டர்கள் இன்னொரு முறை வகுத்தார்கள். ஆழத்துக்கு ஓர் எண். கூடவே ஓர் எழுத்து. சுத்தமான புண் ஏ, சீழ் பிடித்தது பி, ரத்த ஓட்டம் குறைந்தது சி, இரண்டும் சேர்ந்தது டி. "ஒன்று டி" என்று எழுதியிருந்தால் பார்க்கிற டாக்டருக்குத் தூக்கிவாரிப் போடும்.

படுக்கைப் புண்ணுக்கும் நாலு படி உண்டு. தோல் கிழியாமல் நிறம் மட்டும் மாறியிருப்பது முதல் படி. எலும்போ தசையோ தெரிவது நாலாவது படி. அடிப்பாகம் தெரியாமல் கறுப்புப் பொருக்கு மூடியிருந்தால் படி சொல்லக்கூடாது, "கணிக்க முடியாதது" என்றே எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் அளவில் சேர்த்திதான்.

ஆறே கேள்விகள்

இத்தனை படியையும் ஒரு நர்சு எப்படி ஞாபகம் வைத்திருப்பார்?

வைத்திருக்க வேண்டாம். 2008-ல் "சின்பாட்" என்று ஒரு முறை வந்தது. பெயரைக் கேட்டதும் கன்னித்தீவு சிந்துபாத் ஞாபகத்துக்கு வருகிறாரா? அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கன்னித்தீவைப் போல முடியாமல் நீளுகிற புண் கதையை முடித்துவைக்க இது உதவும்.

ஆறே கேள்விகள்.

புண் பாதத்தின் நடுவிலோ பின்பக்கத்திலோ இருக்கிறதா?

பாதத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா?

பாதத்தில் உணர்ச்சி போய்விட்டதா?

சீழ், கிருமி பிடித்திருக்கிறதா?

ஒரு சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் பரப்பு இருக்கிறதா?

தோலைத் தாண்டித் தசை, தசைநார் அல்லது அதற்கும் கீழே போய்விட்டதா?

ஒவ்வொரு "ஆம்"-க்கும் ஒரு மார்க்கு. "இல்லை"-க்குப் பூஜ்யம். மொத்தம் ஆறு. பள்ளிக்கூடத்தில் மார்க்கு கூடினால் சந்தோஷம். இங்கே கூடினால் கவலை. மூன்றும் அதற்கு மேலும் என்றால் புண் ஆறுவது கஷ்டம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்து, ஜெர்மனி, டான்சானியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் பொருந்தியது. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குப் புண்ணைப் பற்றிச் சொல்வதற்கு இந்த முறையே ஏற்றது என்று சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு சிபாரிசு செய்திருக்கிறது.

கருவிகள் என்ன விலை? ரத்த ஓட்டம் பார்க்க இரண்டு விரல். உணர்ச்சி பார்க்க 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழை. பரப்புக்கு ஒரு காகித அளவுகோல். ஆழத்துக்குச் சுத்தம் செய்த ஓர் எஃகுக் குச்சி. அந்தக் குச்சி உள்ளே போய் எலும்பில் "டக்" என்று இடித்தால், எலும்பில் சீழ் இருக்கலாம் என்று அறிகுறி. லட்ச ரூபாய் மிஷின் எதுவும் வேண்டாம்.

நாலு வாரக் கெடு

ஒரு தடவை அளந்தால் போதாது. மறுபடி மறுபடி அளக்க வேண்டும். ஏன்?

2003-ல் அமெரிக்காவில் 203 சர்க்கரை வியாதிக்காரர்களின் பாதப் புண்ணை அளந்து பார்த்தார்கள். நாலு வாரத்தில் பரப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்களில் 100-க்கு 58 பேருக்கு 12 வாரத்தில் புண் ஆறிவிட்டது. அப்படிக் குறையாதவர்களில் 100-க்கு 9 பேருக்குத்தான் ஆறியது.

58 எங்கே, 9 எங்கே!

இதன் அர்த்தம் என்ன? மூன்று மாதம் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரே மாதத்தில் தெரிந்துகொள்ளலாம். நாலு வாரத்தில் புண் பாதியாகக் குறையவில்லை என்றால், அதே கட்டைத் தொடருவதில் பிரயோசனம் இல்லை. ரத்த ஓட்டமா, எலும்பில் சீழா, எடை இறங்கவில்லையா, சர்க்கரை கட்டுக்குள் இல்லையா என்று தேட வேண்டும். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் முதல் நாள் அளவு இல்லாமல் நாலாவது வாரம் பாதி ஆயிற்றா என்று எப்படிச் சொல்வது?

தழும்புக்குள் ஒளிந்திருப்பது

இப்போது பட்டாசுச் சீமைக்கே உரிய விஷயத்துக்கு வருவோம்.

பெரிய தீக்காயம் ஆறினாலும் தோல் பழைய தோல் ஆவதில்லை. தழும்பு இறுகும். முழங்காலிலும் முழங்கையிலும் மடக்கி நீட்டும்போது வெடிக்கும். ஆறும். மறுபடி வெடிக்கும். "பழைய புண்தானே" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள், ஆஸ்பத்திரியிலும் விட்டுவிடக்கூடும்.

ஆனால் அப்படி விட்டுவிடக்கூடாத புண் ஒன்று அதில் உண்டு. 1828-ல் பிரான்சு தேசத்து டாக்டர் மார்ஜோலின் தழும்பில் வளரும் புண்ணைப் பற்றி எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதற்கு "மார்ஜோலின் புண்" என்றே பெயர் வைத்தார்கள். அது என்ன? புற்றுநோய்!

தீக்காயம் பட்டு இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட வரும். இளம் வயதில் வெடி விபத்தில் தப்பியவருக்கு, பேரன் பேத்தி எடுத்த வயதில் வரும். காஷ்மீரத்தில் குளிருக்குக் காங்கிரி என்ற தணல் சட்டியை உடம்போடு அணைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு படுகிற வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றை "காங்கிரிப் புற்று" என்றே சொல்கிறார்கள். தீயோடு வாழ்கிற ஊருக்குத் தீயின் வியாதி வரும். காஷ்மீர் தன் வியாதிக்குப் பெயர் வைத்து அடையாளம் வைத்துக்கொண்டது. சிவகாசியும் வைத்துக்கொள்ள வேண்டாமா?

அடையாளம் இதுதான். பழைய தழும்பில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. ஓரம் மேடு தட்டிச் சுருண்டிருக்கிறது. பூக்கோசு மாதிரி சதை வளர்கிறது. தொட்டால் ரத்தம் வருகிறது. நாற்றம் அடிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் வெட்டி எடுத்து மாற்றுத் தோல் வைத்து உயிரையும் அவயவத்தையும் காக்கலாம். கட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டும் போகும்.

நம் தோலுக்கு நம் கண்

இன்னொரு விஷயம். வெளிநாட்டுப் புத்தகங்கள் "சிவந்திருந்தால் கிருமி பிடித்திருக்கிறது" என்று சொல்லும். "சிவப்பு மாறாமல் நின்றால் படுக்கைப் புண்ணின் முதல் படி" என்று சொல்லும். வெள்ளைக்காரர் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். வெயிலில் காய்ந்த கரிசல்காட்டுத் தோலில் எப்படித் தெரியும்?

நம் தோலில் அது கருநீலமாகவோ இன்னும் கறுப்பாகவோ தெரியும். சில சமயம் நிறமே மாறாது. ஆகவே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா? கல் மாதிரி இறுகியிருக்கிறதா? களி மாதிரி மெத்தென்று இருக்கிறதா? புத்தகத்தின் அளவை நம் உடம்புக்குத் தக்கபடி திருத்திக்கொள்வதும் அளப்பதில் ஒரு பாகம்.

"நேரம் எங்கே?"

இதற்கு டாக்டர்களும் நர்சுகளும் சொல்லக்கூடிய பதில் நமக்குத் தெரியும். "காலையில் வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை. இதில் அளவுகோல் எடுத்து அளப்பதா?"

நியாயமான கேள்வி. அவர்கள் படும் பாட்டை மறுக்க முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டைப் பிரித்துக் கழுவுகிற நேரத்திலேயே நீளம், அகலம் பார்த்துவிடலாம். மிஞ்சிப் போனால் கூட மூன்று நிமிஷம். ஆறாத புண்ணோடு ஒருவர் வருஷம் முழுவதும் வந்துகொண்டிருந்தால் எத்தனை மணி நேரம் போகிறது? எத்தனை பஞ்சு, எத்தனை துணி, எத்தனை மருந்து? அளப்பது நேரத்தைத் தின்னும் வேலை அல்ல. நேரத்தை மிச்சம் பிடிக்கும் வேலை.

"எண் எழுதினால் புண் ஆறிவிடுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆறாது. எடை போட்ட மாத்திரத்தில் பிள்ளை கொழுத்துவிடுமா? ஆனாலும் பாலர் பள்ளியில் மாதம் தவறாமல் எடை போடுகிறோமே, ஏன்? இளைக்கிற பிள்ளையைக் காலத்தில் கண்டுபிடிக்கத்தான்.

தொழிலாளிக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. நிரந்தர ஊனத்துக்கு இழப்பீடு என்று வந்தால், சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்ற கேள்விதான் முதலில் நிற்கும். "அன்று முதல் இன்று வரை புண் ஆறவில்லை" என்று வாயால் சொன்னால் வக்கீல் குறுக்கே கேட்பார். தேதியும் அளவும் போட்ட காகிதத்தைக் குறுக்கே கேட்க முடியாது.

என்ன செய்யலாம்?

விருதுநகர் மாவட்டத்தில் வசதியே இல்லை என்று சொல்ல முடியாது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. பெரிய கேசுகளுக்கு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடிப் போனது. ஆகவே புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஒரு காகிதம் கேட்கிறோம்.

நாள்பட்ட புண்ணுக்கு என்று தனியாக ஒரு அட்டை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி வரை எல்லா இடத்திலும் ஒரே அட்டை. என்ன வகைப் புண், எத்தனை மார்க்கு, நீளம், அகலம், ஆழம், அடியில் நிறம் சிவப்பா, மஞ்சளா, கறுப்பா, எந்தத் தேதி, யார் பார்த்தது. அட்டை நோயாளி கையில் இருக்க வேண்டும். செல்போனில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாலு வாரத்தில் பாதியாகக் குறையாத புண்ணை மேலிடத்துக்கு அனுப்புவது கட்டாயம் ஆக வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் என்றால் சதைப் பரிசோதனை கட்டாயம் ஆக வேண்டும். பட்டாசு ஆபீசுகளில் நடக்கும் மருத்துவ முகாமில் ரத்த அழுத்தத்தோடு பாதத்தையும் தழும்பையும் பார்க்க வேண்டும். பொறி பறக்காத, ஆணி இல்லாத, மெத்தென்ற செருப்பை முதலாளிகள் தைத்துக் கொடுக்கலாம். மருந்து அறைக்கு விதி செருப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆணி அடித்த செருப்பு வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னது. அத்தனை பேரின் பாதத்தையும் டாக்டரே பார்க்க முடியாது. ராத்திரி படுக்கும் முன் மனைவி பார்க்கலாம். மகள் பார்க்கலாம். உள்ளங்கால் தெரிய ஒரு சின்னக் கண்ணாடி இருந்தால் தானே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஆறாத புண்ணோடு யாராவது இருக்கிறார்களா? அடுத்த தடவை கட்டு மாற்றப் போகும்போது கூடப் போங்கள். மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்.

"இது என்ன வகைப் புண் அம்மா?"

"போன தடவையைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது?"

"சீட்டில் எழுதித் தருகிறீர்களா?"

கேட்பது குற்றம் அல்ல. கேட்கிற வீட்டுக்குத்தான் பதில் கிடைக்கும்.

சிவகாசியில் ஒவ்வொரு பட்டாசுக்கும் எத்தனை கிராம் மருந்து என்று நிறுத்துத்தான் அடைக்கிறார்கள். ஒரு கிராம் கூடினால் ஆபத்து என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடிக்கிற மருந்துக்கு இத்தனை அளவு பார்க்கிற ஊர், அதில் வெந்த மனிதனின் புண்ணுக்கும் ஒரு அளவு பார்க்கட்டும்.